கொழும்பில் மாறும் திட்டமிடல் கொள்கையும் கல்முனையின் காணி நெருக்கடியும்

13ஆவது திருத்தம் என்றதும் பொலிஸ் அதிகாரம், காணி அதிகாரம் என்ற இரண்டையும் சுற்றியே நமது விவாதங்கள் நின்றுவிடுகின்றன. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட நிரலின் தொடக்கத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சகல விடயங்கள் தொடர்பான தேசியக் கொள்கையும் மத்திய அரசுக்கே உரியது என்கிறது அது. உள்ளூராட்சி மாகாண சபையின் கையில் இருக்கலாம். ஆனால் அதன் மேல் எந்தக் கொள்கையை வைப்பது என்பதைக் கொழும்புதான் தீர்மானிக்கும்.

அந்தக் கொள்கையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2011 முதல் 2030 வரைக்கென ஒரு தேசிய பௌதிகத் திட்டம் வந்தது. அதன் காலம் முடியுமுன்பே 2017 முதல் 2050 வரைக்கென இன்னொன்று வந்துவிட்டது.

இதன் விளைவைப் பார்க்க எங்கள் கரையோரத்தை விடப் பொருத்தமான இடமில்லை. மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டில் சனம் நெருங்கி வாழ்கிறது. சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பிறகு கரையோரத்தில் வீடு கட்டத் தடை வந்தபோது தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று அளவு குறித்தார்கள். நிலமே இல்லாத ஊருக்கு இரட்டிப்புத் தடை! பின்னர் அது தளர்த்தப்பட்டது. மருதமுனையில் "65 மீற்றர் வீட்டுத்திட்டம்" என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஒரு கொள்கை அளவு ஊர்ப் பெயராகிவிட்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகளோ வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பற்றைக்காடு மூடிக் கிடந்தன.

மேற்கே போகலாமென்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் நிற்கிறது. கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. அச்சட்டத்தை நான் குறை கூறவில்லை. வயல்களை எல்லாம் நிரப்பிவிட்டு மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறதென்று அழுவதில் நியாயமில்லை. ஆனால் கிழக்கு முஸ்லிம்களிடம் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் வழக்கம் இருக்கிறது. மூன்று பெண்மக்கள் உள்ள தகப்பன் 15 பேர்ச்சஸ் வளவை என்ன செய்வான்? துண்டு போடுகிறான். அந்தத் துண்டு நகர அபிவிருத்தி அதிகார சபையின் குறைந்தபட்ச அளவுக்குள் வராது. அனுமதி கிடைக்காது. அனுமதியில்லாமலே வீடு எழும்புகிறது. அதன் பின் ஒழுங்கை ஒடுங்குகிறது, வடிகானுக்கு இடமில்லை. இப்படி ஒரு வழக்கமும் ஒரு விதியும் மோதும் இடத்தில் தேவைப்படுவது ஊரை அறிந்த தீர்மானம். மாடிக் குடியிருப்பா, கூட்டு வளவா, எந்த வயல் துண்டை விடுவது, எதைத் தொடவே கூடாது என்பதையெல்லாம் ஊருக்குள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேசுவதற்குச் சபை எங்கே? கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017இல் முடிந்தது. அதன் பின் தேர்தல் இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து அதிகாரிகளின் கைக்குப் போயின. 2025 மே 6இல் 339 சபைகளுக்கு வாக்களிப்பு நடந்தபோதும் கல்முனை மாநகர சபை அதில் இல்லை. வழக்கொன்று குறுக்கே நின்றது. குடியியற்கல்விப் பாடத்தில் உள்ளூராட்சியைப் படிப்பிக்கும்போது "சேர், நம்மட மேயர் யாரு?" என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்வது லேசான காரியமல்ல.

பழி முழுவதையும் கொழும்பின் தலையில் போடவும் முடியாது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகர சபை என்று வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. அந்த இழுபறியில் எல்லை எங்கே என்று நாம் சண்டை பிடித்த அளவுக்கு, எல்லைக்குள் இருக்கும் காணியை என்ன செய்வது என்று பேசவில்லை. நமது கட்சிகளின் மேடைகளிலும் அந்தப் பேச்சு எழவில்லை.

சபை வரும்வரை கைகட்டி இருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் விண்ணப்பிக்கலாம். கல்முனைப் பிரதேசத்துக்கு என்ன திட்ட வரைபு இருக்கிறது, வயல் எல்லை எங்கே கீறப்பட்டிருக்கிறது, கரையோரத் தடை இன்று எத்தனை மீற்றர் என்று வரைபடத்தோடு, தமிழில் கேட்க வேண்டும். பள்ளிவாசல் சம்மேளனங்கள் அதைப் பெற்று ஜும்ஆவுக்கு வரும் மக்கள் பார்க்கும்படி சுவரில் ஒட்டலாம்.