நீச்சல் தெரியாதா? பரவாயில்லையாம்!

அந்தமான்ல எலிஃபண்ட் பீச் பக்கம் போனா எல்லாருக்கும் ஒரே வசனம்தான்: "நீச்சல் தெரியலைன்னாலும் பரவால்ல சார், நாங்க பாத்துக்கறோம்."

பாத்துக்கறதுன்னா, மூக்கை மூடுற மாஸ்க், வாயில ஒரு குழாய், பிடிச்சுக்க ஒரு மிதவை. கைடு அண்ணன் அதை இழுத்துக்கிட்டே ஒரு ரவுண்டு போவார். கொஞ்ச நேரத்துல திரும்பக் கரை, கையில ஃபோட்டோ. இதுக்குப் பேர் ஸ்நார்கெலிங் இல்லைங்க, சவாரி.

என்னைக் கேட்டா, நீச்சலுக்கும் முன்னாடி கத்துக்க வேண்டியது மூச்சு. முகம் தண்ணிக்குள்ள போனதும் மூக்கு தன்பாட்டுக்கு இழுக்கப் பார்க்கும். வாயால மட்டும், மெதுவா, ஆழமா விடணும். ஏன்னா நாம விட்ட பழைய காத்து கொஞ்சம் குழாய்க்குள்ளயே தங்கிடும். பயத்துல குட்டி குட்டியா மூச்சு விட்டா அதையேதான் திரும்பத் திரும்ப இழுப்போம், இன்னும் முட்டும். (நீளமான குழாய் வச்சா ஆழமாப் போலாமேன்னு கேக்கறவங்களுக்கு: 1 மீட்டர் ஆழத்துலயே தண்ணி நெஞ்சை அழுத்துற அழுத்துல மேலேர்ந்து காத்தை இழுக்கவே முடியாது.) குழாய்க்குள்ள தண்ணி வந்தா 'ஃபூ'ன்னு பலமா ஒரு ஊது. அவ்ளோதான்.

இதையெல்லாம் இடுப்பளவு தண்ணியில நின்னு, குனிஞ்சு, பத்து தடவை செஞ்சு பார்த்தாலே பாதி பயம் போயிடும். எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு. அந்தக் கால் மணி நேரத்தைத் தர்றதுக்குத்தான் ஆள் இல்லை. அடுத்த பார்ட்டி வெயிட்டிங்காம்!

பயந்தவன் என்ன செய்வான்? காலைக் கீழ ஊனுவான். கீழ இருக்கறது வெறும் பாறையா? பவளம், உயிருள்ள பிராணி. உருண்டையா வளர்ற வகை வருஷத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். 2010-ல கடல் சூடாகி அந்தமான்ல ஏகப்பட்ட பவளம் வெளுத்துப் போச்சு. அதுல தப்பிச்சதை நாம மிதிச்சு உடைக்கணுமா?

அதனால மக்களே, படகுல ஏறும்போதே கைடுகிட்ட சொல்லிடுங்க: முதல்ல ஆழமில்லாத இடத்துல பழகணும்னு. கூடக் காசு கேட்டா கொடுங்க, தப்பில்லை.

அப்புறம், மாஸ்க் உள்பக்கம் எச்சில் தடவி லேசா அலசிட்டுப் போட்டா பனி படியாது. தங்கமணி 'சீ'ன்னுட்டாங்க. கோமாளி மீனைக் காட்டினா, "எங்க, ஒரே புகையா இருக்கே?"ங்கறாங்க :-)