விண்ணப்பம் போடாதவர் கணக்கில் வருவதில்லை

பட்டமளிப்பு விழா முடிந்த கையோடு நம் பிள்ளைகளுக்கு ஆலோசனைகள் குவியத் தொடங்கிவிடும். ஆங்கிலத்தைச் சரிசெய்துகொள், நேர்த்தியாக உடுத்து, நேர்காணலில் தயங்காமல் பேசு. எல்லாம் நல்ல ஆலோசனைகள்தாம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது: வேலை கிடைக்கவில்லையா, குறை உன்னிடம்தான்!

காப்பிக் கடைக்குப் போனால் வேறோர் ஆலோசனை. "நம்மவனுக்கு எங்கே கொடுக்கப் போகிறான்? பாரம் நிரப்பி என்ன ஆகப் போகிறது?" இந்தப் பேச்சைக் கேட்டே அரசாங்க வேலைக்கு ஒருமுறைகூட விண்ணப்பிக்காத பட்டதாரிகள் ஜொகூரில் எத்தனை பேர்!

இரண்டையும் நான் ஏற்கவில்லை. மாணவர்களுக்கு ஒரு வழக்கறிஞன் சொல்லக்கூடியது இதுதான்: விண்ணப்பியுங்கள். எழுத்தில் விண்ணப்பியுங்கள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். எல்லாத் தாள்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பாகுபாடு கற்பனையா?

இல்லை. லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு மலேசிய ஆய்வாளர்கள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கியல், பொறியியல் வேலைகளுக்கு, மலாய்ப் பெயரிலும் சீனப் பெயரிலும் கற்பனைப் பட்டதாரிகளின் விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது சீனப் பெயர்களுக்கு நூற்றுக்கு 22. மலாய்ப் பெயர்களுக்கு நூற்றுக்கு 4.

இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் இல்லை. நமக்கு நூற்றுக்கு எத்தனை என்பதைச் சொல்ல அதில் ஓர் எண்கூட இல்லை! கணக்கில் வராத சமுதாயத்தின் குறை யார் காதில் விழும்?

அரசாங்கத் துறையிலும் இதே கதைதான். 2017 ஏப்ரலில் அன்றைய அரசாங்கம் வெளியிட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம், பொதுச் சேவையில் நம் பங்கை 7 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காக வைத்தது. ஏன் எண்ணிக்கை உயரவில்லை என்று கேட்கும்போதெல்லாம் நம் முகத்தில் வீசப்படும் பதில் ஒன்றுண்டு: "இந்தியர்கள் விண்ணப்பிப்பதில்லை." நாம் விண்ணப்பிக்காமல் இருக்கும்வரை இந்தப் பதில் உண்மையாகவே இருக்கும். ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்து, பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தப் பதில் செல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்புச் சட்டத்தின் 153ஆவது விதி, மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வீகக் குடிகளுக்கும் பொதுச் சேவையில் நியாயமான அளவு இடங்களை ஒதுக்க வழி செய்கிறது. அதே விதி, மற்ற இனங்களின் சட்டப்படியான நலன்களைப் பாதுகாக்கவும் சொல்கிறது. ஒதுக்கீட்டைக் காட்டிக் கதவையே சாத்திவிட முடியாது.

8ஆவது விதியின் இரண்டாவது உட்பிரிவைப் படியுங்கள். அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதித்தால் தவிர, அரசாங்க அமைப்புகளில் ஆள் எடுக்கும்போது சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தற்காலிக ஆசிரியையாக நியமனம் பெற்ற ஒரு பெண், கர்ப்பிணி என்று தெரிந்ததும் அந்த நியமனம் மீட்டுக்கொள்ளப்பட்டது. நூர்பாடில்லா வழக்கு என்று சட்ட மாணவர்கள் அதை அறிவார்கள். 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அது 8ஆவது விதிக்கு முரணான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. நியமனம் கொடுக்கப்பட்டதும் மீட்கப்பட்டதும் மறுக்க முடியாத உண்மைகளாக இருந்தன. அதனால்தான் வழக்கு நின்றது.

தனியார் துறையில் நிலைமை வேறு. விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் தொடுத்த வழக்கில், அரசியலமைப்பின் இந்தப் பாதுகாப்பு அரசாங்கத்துக்கு எதிரானதே, தனியாருக்கு எதிராக அதைக் காட்ட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது.

2023 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் 69எஃப் என்ற பிரிவைக் கொண்டுவந்தது. வேலையில் பாகுபாடு குறித்த தகராற்றைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணையிடலாம். வரவேற்கிறோம். ஆனால் அப்பிரிவு பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராற்றைப் பற்றி மட்டுமே. வேலை தேடி வாசலில் நிற்பவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! பாகுபாடு எங்கே அதிகம் நடக்கிறதோ, அந்த வாசலில் சட்டம் நின்றுவிடுகிறது.

பாலத்துக்கு அப்பால்

ஜொகூர் பட்டதாரிகளுக்குச் சிங்கப்பூர் எப்போதும் கண்முன்னே நிற்கிறது. நம் பணத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு மதிப்புள்ள வெள்ளி யாரைத்தான் இழுக்காது? விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் கடப்பவர்களில் பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். குடும்பக் கடன் இருந்தால் போகத்தான் வேண்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் பொறியியல் படித்தவர் கிடங்கிலே மூன்றாண்டு பெட்டி அடுக்கினால், அந்த மூன்றாண்டுகள் பொறியியல் அனுபவமாக எண்ணப்படாது. அங்கே இருந்துகொண்டே உங்கள் துறைக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள்.

போகும் முன் வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். முதலாளி அந்நாட்டு மனிதவள அமைச்சிடம் அறிவித்த சம்பளம் அதில் இருக்கும். வாய்ப்பேச்சில் சொன்ன தொகையோடு ஒப்பிடுங்கள். அந்நியத் தொழிலாளர் வரியை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முதலாளிக்கு உரிமையில்லை. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளம்வரைதான் உங்களிடம் கட்டணம் வாங்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்நாட்டு நாடாளுமன்றம் 2025 சனவரியில் பணியிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆள் எடுக்கும் கட்டத்திலேயே இனம், சமயம், மொழி போன்ற காரணங்களால் ஒதுக்குவதை அது தடுக்கிறது. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு; நடப்புக்குக் கொண்டுவரக் கால அவகாசமும் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் வாசலில் நிற்பவரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நம்மால் ஏன் முடியாது?

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு காலாவதியாகுமுன் புதுப்பியுங்கள். எஸ்பிஎம் மலாய்மொழியில் தேவையான தேர்ச்சி இல்லையென்றால், அந்தப் பாடத்தை மட்டும் மீண்டும் எழுதலாம்.

2. வேலை விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். நாளையே அது மாற்றப்படலாம். மாண்டரின் தெரிய வேண்டும் என்று இருந்தால், எந்தப் பணிக்காக அம்மொழி தேவை என்று பணிவாக மின்னஞ்சலில் கேளுங்கள். சில வேலைகளுக்கு உண்மையிலேயே தேவைப்படும். பதில் சொல்ல முடியாத இடங்களும் இருக்கும்.

3. விண்ணப்பித்த நாள், பதவி, பதில் வந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அரசாங்க அமைப்பின் முடிவை எதிர்த்து நீதிமன்றச் சீராய்வு கேட்க மூன்று மாத அவகாசம்தான் உண்டு. ஆறு மாதம் கழித்து வந்து "என்னை ஒதுக்கிவிட்டார்கள்" என்றால் வழக்கறிஞர் கையைப் பிசையத்தான் முடியும்.

4. வேலை கிடைத்தால் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு அது சட்டக் கட்டாயம். ஊழியர் சேமநிதி, சொக்சோ சந்தா கட்டப்படுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

5. நியாயமின்றி நீக்கப்பட்டால் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுங்கள். பரீட்சார்த்த காலத்தில் இருப்பவருக்கும் இந்த உரிமை உண்டு.

நாம் கேட்க வேண்டியவை

ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 சனவரி 7இல் கையெழுத்தானது. முதல் ஐந்தாண்டுகளில் 20,000 திறன்மிக்க வேலைகள் என்பது அதன் இலக்கு. ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த 20,000இல் எத்தனை பேர்? யார் எண்ணப் போகிறார்கள்?

ஆகவே நம் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, 69எஃப் பிரிவை வேலை தேடுவோருக்கும் விரிவாக்குங்கள். இரண்டு, பொதுச் சேவையிலும் புதிய மண்டலத்திலும் எந்த இனத்தார் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்ற விவரத்தை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். இந்த இரண்டாவது கோரிக்கைக்கு உயிர் கொடுக்கப் போவது உங்கள் விண்ணப்பங்கள்தாம், தம்பி தங்கைகளே.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். கோப்பில் போட்டு வைத்துவிட்டு, அடுத்த விண்ணப்பத்தை அனுப்புங்கள்.