ஓவர்கிளாக் பண்ணப் போறீங்களா? முதல்ல வெப்பத்தைப் பாருங்க!

"பயாஸுக்குள்ள போய் ரெண்டு நம்பரை மாத்து, கம்ப்யூட்டர் பறக்கும்!" ஓவர்கிளாக்கிங் பற்றி நண்பர்கள் இப்படித்தான் சொல்வார்கள். 1998-ல் அது ஓரளவு உண்மை. அந்த வருடம் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் பல சிப்கள் 450-ல் ஓடின. காசு செலவில்லாமல் 50 சதவீதம் கூடுதல் வேகம்!

இன்று நிலைமை வேறு. இப்போதைய பிராசஸர்கள் வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. அதான் 'பூஸ்ட்'. நமக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்துக்காக வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினால், வேகத்தைத் தொடாமலேயே மின்செலவு சுமார் 21 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். அறை வெப்பம் 10 டிகிரி ஏறினால் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். டிசம்பரில் சமர்த்தாக ஓடிய செட்டிங், சென்னையின் மே மாத வெயிலில் ப்ளூ ஸ்கிரீன் காட்டினால் ஆச்சரியமில்லை.

அதனால் புதியவர்கள் பிராசஸரைக் கடைசியாகத் தொடுவதே புத்திசாலித்தனம். எந்த வரிசையில் போகலாம்?

1. அளவிடுங்கள்: சினிபெஞ்ச்சை 10 நிமிடம் ஓடவிட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தைப் பாருங்கள். இப்போதே 90 டிகிரியைத் தாண்டுகிறதா? ஓவர்கிளாக் ஆசையை ஒத்திவைத்து, தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.

2. ரேம்: 6000 என்று போட்டு விற்கும் டிடிஆர்5 ரேம், வாங்கி மாட்டியதும் பெரும்பாலும் 4800-ல்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்தால் காசு கொடுத்த வேகம் கிடைக்கும். பிறகு மெம்டெஸ்ட்86 கட்டாயம். ரேம் பிழைகள் சத்தமில்லாமல் ஃபைல்களைக் கெடுத்துவிடும்.

3. கிராபிக்ஸ் கார்டு: ஆஃப்டர்பர்னரில் 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் மட்டும் ஏற்றி, ஒவ்வொரு முறையும் கேம் ஓட்டிப் பாருங்கள. திரையில் புள்ளிகள், கோடுகள் வந்தால் இரண்டு படி இறங்குங்கள். வோல்டேஜ் பக்கம் போகவே வேண்டாம்.

4. பிராசஸர்: இன்டெல் என்றால் பொதுவாக 'கே' வகை சிப்பும் 'இசட்' வகை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலான சிப்களில் பூட்டு இல்லை. ஆனா ஏ520 போன்ற மலிவு போர்டுகள் விடாது. வசதி இருந்தால் அண்டர்வோல்ட் செய்து பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் வெப்பம் குறையும், பூஸ்ட் தானாகவே இன்னும் கொஞ்சம் நீளும்.

எந்தப் படியிலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மதர்போர்டில் 'கிளியர் சிமாஸ்' செய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆனால் வாரன்டி அப்படித் திரும்பாது. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்பதே இன்டெல், ஏஎம்டி இரண்டின் நிலைப்பாடு. ரேம் புரொஃபைலும் அவர்கள் கணக்கில் ஓவர்கிளாக்தான்.

கேம் விளையாடும் அதே கம்ப்யூட்டரில்தான் பலருக்கு ஆபீஸ் வேலையும் நடக்கிறது. 5 சதவீதம் கூடிய ஃபிரேம் கண்ணுக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை திறக்க மறுக்கும் எக்செல் ஃபைல் நன்றாகவே தெரியும். சம்பளம் கொடுக்கும் கம்ப்யூட்டர் என்றால் இரண்டாவது படியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சோதனை செய்தே ஆகணும்னா, ஒரு பழைய கம்ப்யூட்டரில் கை பழகுங்கள்.