கடல் கடந்த கல்யாணம்

தூரத்தில் இருந்தபடியே ஒரு கல்யாணத்தைக் கண்குளிரப் பார்த்தவர் அகஸ்திய முனிவர். கைலாசத்தில் சிவபெருமானுக்கும் பார்வதிக்கும் விவாகம். மூவுலகமும் அங்கே போய்க் கூடிவிட்டதால், பாரம் தாங்காமல் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டதாம். அதைச் சமன் செய்ய அகஸ்தியரைத் தெற்கே அனுப்பினார்கள். கல்யாணம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஏங்கிய முனிவருக்கு, அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, தாமிரபரணி மலையை விட்டு இறங்கும் பாபநாசத்தில், தம்பதிகள் கல்யாணக் கோலத்தில் காட்சி கொடுத்தார்கள் என்கிறது ஸ்தல புராணம்.

அகஸ்தியரை யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. ஆனால் நம் வீட்டுப் பெண்களைக் கேட்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துத் தெருக்களில் ஒரு காலத்தில் கொழும்பு என்றும் ரங்கூன் என்றும் பினாங்கு என்றும் பேச்சு அடிபட்டது. இன்று சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கிடைப்பது பதினைந்து நாள் லீவு. அதற்குள் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், மறுவீடு, குலதெய்வத்துக்குப் பொங்கல் எல்லாம் முடிந்து, அவர் விமானம் ஏறிவிடுகிறார். பந்தல் பிரித்தாகிவிட்டது, பாத்திரம் திருப்பியாகிவிட்டது. "கல்யாணத்தைப் பதிந்தாகிவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதற்கென்ன அவசரம்? ஊரே பார்த்த கல்யாணம்தானே?" என்பார்கள்.

ஊர் பார்த்தது வாஸ்தவம்தான். ஆனால் விசா கொடுக்கும் அதிகாரி அந்த ஊர்க்காரர் இல்லையே! அவருக்கு வேண்டியது, சர்க்கார் முத்திரை போட்ட ஒரு காகிதம். விசா கிடைத்துவிட்டால் அந்தக் காகிதத்தின் வேலை தீர்ந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். கணவனுக்கு ஏதாவது நேர்ந்தால் இன்ஷூரன்ஸ், பென்ஷன், சொத்து எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் அத்தாட்சி. மனஸ்தாபம் வந்து கோர்ட்டுக்குப் போக நேர்ந்தாலும், "நான் இன்னாருடைய மனைவி" என்று ஒரு பெண் சுலபமாக நிரூபிக்க உதவுவது அதுதான்.

சகோதரிகளே, கடல் கடந்த சம்பந்தத்தில் முகூர்த்த நாள் குறிக்கும்போதே இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்தக் கல்யாணம் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கப் போகிறது? இதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் பிற்பாடு அலைச்சல் இல்லை.

முதலில், கல்யாணம் நம் ஊரிலேயே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா மதத்தினரின் கல்யாணங்களையும் பதிய ஏற்பாடு செய்யுங்கள் என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டது. அதை அனுசரித்துத் தமிழ்நாட்டில் 2009-ல் கட்டாயத் திருமணப் பதிவுச் சட்டம் வந்தது. கல்யாணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால், மேற்கொண்டு 60 நாட்களுக்குள் கூடுதல் கட்டணம் கட்டிப் பதியலாம். பதியாததாலேயே கல்யாணம் செல்லாமல் போய்விடாது. ஆனால் செல்லுபடியாகும் கல்யாணத்தை நிரூபிக்க நீங்கள் சாட்சிகளைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். ஆகவே மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்பே, விருந்துகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது, இருவரும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குப் போய்விட்டு வருவது உத்தமம்.

அவசரத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு. "விசாவுக்கு நாளாகும். இப்போதே பதிந்துவிடுவோம், தாலி கட்டுவதை அடுத்த தையில் வைத்துக்கொள்ளலாம்" என்பார்கள். இது அபாயம்! இப்படிச் சடங்கு நடக்காமலே சர்டிபிகேட் வாங்கிய ஒரு ஜோடியின் வழக்கு 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் முடிவாயிற்று. ஹிந்து விவாகச் சட்டப்படி சடங்குதான் கல்யாணம். பதிவு அதற்கு அத்தாட்சி மாத்திரமே. நடக்காத கல்யாணத்துக்கு அத்தாட்சி ஏது? அந்த சர்டிபிகேட் செல்லாது. அவர்கள் கணவன் மனைவியே அல்ல என்று கோர்ட் சொல்லிவிட்டது. வெளிநாட்டு விசாவுக்காக இப்படி முன்கூட்டிப் பதிந்துகொள்ளும் வழக்கம் பெருகியிருப்பதையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். நம் ராஜ்யத்தில் 1967 முதல் சுயமரியாதைத் திருமணத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஹோமமும் புரோகிதரும் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளலாம். ஆனால் ஏதாவது ஒரு முறையில் கல்யாணம் நடந்தே தீர வேண்டும்.

சடங்கே வேண்டாம், சர்க்கார் அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறவர்களுக்கு 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம் இருக்கிறது. மதம் வேறானாலும், தேசமே வேறானாலும், இங்கே மணந்துகொள்ள இதுதான் வழி. இருவரில் ஒருவராவது அந்த ஜில்லாவில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த பிறகு ஆட்சேபங்களுக்காக இன்னொரு 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். அப்புறம் மூன்று சாட்சிகளின் முன்னிலையில் சம்மதம் சொன்னால் விவாகம் ஆகிவிடும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதங்களுக்குள் காரியத்தை முடிக்காவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பதினைந்து நாள் லீவில் வருகிற மாப்பிள்ளைக்கு இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? இந்தச் சிக்கல்தான் 2022-ல் கன்னியாகுமரி ஜில்லாவில் ஒரு பெண்ணுக்கு வந்தது. மாப்பிள்ளை அமெரிக்கப் பிரஜை. இருவரும் சேர்ந்து மணவாளக்குறிச்சி சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் நோட்டீஸ் கொடுத்தார்கள். முப்பது நாள் முடிந்தும் காரியம் நடக்கவில்லை. லீவு தீர்ந்து மாப்பிள்ளை அமெரிக்கா போய்விட்டார். அந்தப் பெண் மனம் தளராமல் மதுரையிலுள்ள ஹைகோர்ட் கிளைக்குப் போனார். விசேஷ விவாகச் சட்டத்தில், தம்பதிகள் விரும்பும் எந்த முறையிலும் கல்யாணத்தை நடத்திக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் காட்டி நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவர்கள், மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்தே வீடியோ மூலம் தோன்றிச் சம்மதம் சொன்னால் போதும் என்று உத்தரவிட்டார். மூன்று சாட்சிகள் இருக்க வேண்டும்; மாப்பிள்ளை கொடுத்திருந்த அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு பெண்ணே இருவருக்குமாகக் கையெழுத்துப் போடலாம் என்றார். அகஸ்தியருக்குக் கிடைத்த பாக்கியம் இந்தக் காலத்து மாப்பிள்ளைக்கும் கிடைத்தது! ஆனால் அது அந்த வழக்கில் கோர்ட் கொடுத்த உத்தரவு. நம் ஆபீஸிலும் அப்படியே செய்துவிடுவார்கள் என்று நம்பிப் பந்தக்கால் நட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வகை, பெண்ணோ பிள்ளையோ வெளிநாட்டிலேயே கல்யாணம் செய்துகொள்வது. அங்கே இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, அந்த நாட்டுச் சட்டப்படி மணந்துகொள்வது. மற்றொன்று, இந்தியத் தூதராலயத்தில் மணந்துகொள்வது. இரண்டாவதற்காக 1969-ல் வெளிநாட்டு விவாகச் சட்டம் இயற்றினார்கள். இருவரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இங்கே சொன்ன மாதிரியே 30 நாள் வாசம், நோட்டீஸ், மூன்று சாட்சிகள் எல்லாம் அங்கும் உண்டு. அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காவிட்டால் தூதராலயத்தில் நடத்தவும் மாட்டார்கள். அந்த நாட்டு முறைப்படி முன்பே மணந்துகொண்டவர்கள், அதைத் தூதராலயத்தில் பதிவு செய்துகொள்ளவும் இதே சட்டத்தின் 17-வது பிரிவு வழி செய்கிறது.

கோயிலில் தாலி கட்டினால் எங்கும் கல்யாணம்தானே என்று எண்ணிவிடக் கூடாது. மலேசியாவில் 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து, முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணங்களைச் சட்டப்படி பதிந்தே ஆக வேண்டும். அங்குள்ள கோயிலில் மேளதாளத்தோடு நடந்த கல்யாணமானாலும், பதிவு இல்லாவிட்டால் சட்டம் அந்தப் பெண்ணை மனைவி என்று ஏற்பதில்லை. கூட வாழ்ந்தவள் கணவன் மறைந்த பிறகு சொத்துக்கும் பணத்துக்கும் பாத்தியதை கேட்கப் போனால், கையில் காகிதம் இல்லையே என்று தவிக்க நேரிடுகிறது.

சீனாவின் கதை இன்னும் கண்டிப்பு. நம் ராஜ்யத்திலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அங்கே வைத்தியம் படிக்கப் போயிருக்கிறார்கள், வேலையிலும் இருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்துப் பிள்ளை ஒருவன் அங்கே ஒரு சீனப் பெண்ணை விரும்பினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனாவில் விருந்தும் வைபவமும் ஊருக்காக. சட்டத்துக்கு வேண்டியது பதிவு ஒன்றுதான். இருவரும் நேரில் போய்ப் பதிந்துகொண்டு, சிவப்பு அட்டை போட்ட சிறு புஸ்தகத்தை வாங்கினால்தான் கணவன் மனைவி. பிள்ளைக்கு 22, பெண்ணுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். நம் ஊரில் 21-ல் மாப்பிள்ளையாகலாம். அங்கே இன்னும் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும்! நம் பிள்ளை பாஸ்போர்ட்டோடு, தனக்கு மனைவி இல்லை என்பதற்கு அத்தாட்சியும் காட்ட வேண்டும். அந்த அத்தாட்சி இந்தியாவில் வாங்கிச் சீனத் தூதராலயத்தில் ஒப்பம் பெற்றதாகவோ, சீனாவிலுள்ள இந்தியத் தூதராலயம் கொடுத்ததாகவோ இருக்க வேண்டும்.

அதே சீனப் பெண் இங்கே வந்து, விசேஷ விவாகச் சட்டப்படி மணந்துகொண்டால்? கல்யாணம் நடந்த நாட்டின் முறைப்படி அது நடந்திருந்தால் முறையில் குறையில்லை என்று சீனாவின் 2010-ம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. வயது முதலிய தகுதிகளில்தான் ஜாக்கிரதை தேவை. மருமகளானவுடனே அவள் இந்தியப் பிரஜையாகிவிடுவாள் என்றும் நினைக்காதீர்கள். ஏழு வருஷம் இங்கே வசித்த பிறகுதான் விண்ணப்பமே போடலாம். இரு நாடுகளும் இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்ளாததால், பிறந்த நாட்டின் உரிமையை அவள் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அது அவள் நிதானமாக யோசித்துச் செய்ய வேண்டிய முடிவு, மாமியார் அவசரப்படுத்தலாகாது.

நல்ல காரியம் பேசும்போது பிரிவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கோபிக்காதீர்கள். ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மனைவியை இங்கே விட்டுவிட்டு, வெளிநாட்டுக் கோர்ட்டில் தானாக விவாகரத்து வாங்கிக்கொண்டு வேறு கல்யாணம் செய்துகொள்ளும் புருஷர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வழக்கில் 1991-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வரம்பு கட்டியது. எந்தச் சட்டத்தின் கீழ் கல்யாணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் இருக்க வேண்டும். மனைவியும் அந்தக் கோர்ட்டுக்குத் தானாக உட்பட்டு வழக்காடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுவாக அந்தத் தீர்ப்பு இந்தியாவில் அவளைக் கட்டுப்படுத்தாது. எந்தச் சட்டம் என்ற கேள்வி அங்கேயும் வந்து நிற்பதைப் பாருங்கள்!

ஆகவே ஜாதகம் பார்க்கும்போதே மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் பாருங்கள். அவர் எந்த நாட்டுப் பிரஜை, எந்த விசாவில் இருக்கிறார், முன்பு மணமாகியிருந்தால் அது சட்டப்படி முடிந்ததா என்று கேளுங்கள். கௌரவமான சம்பந்திகள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாக் காகிதங்களிலும் பெண்ணின் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையிலும் படங்களிலும் சிலவற்றை எடுத்து வைத்திருங்கள். பதிவு முடிந்ததும் சர்டிபிகேட்டின் நகல் ஒன்றைப் பிறந்த வீட்டுப் பீரோவில் வையுங்கள். இன்னொன்று பெண்ணின் கைப்பையிலேயே இருக்கட்டும். பயணத்தின்போது அது மாப்பிள்ளையின் பெட்டிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.