பள்ளிக்கூடக் கோஷ்டிகளும் வெள்ளித்திரையும்

கோஷ்டி இல்லாத வகுப்பு எந்தப் பள்ளிக்கூடத்திலாவது உண்டா? முன் பெஞ்சுக் கோஷ்டி, கடைசி பெஞ்சுக் கோஷ்டி, பந்தாட்டக் கோஷ்டி, ஒரே பஸ்ஸில் வந்து இறங்கும் கோஷ்டி என்று அங்கே கட்சிகளுக்குப் பஞ்சமே கிடையாது. படித்துவிட்டு வந்த நமக்கு இது தெரியும். படித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கோ இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால், இந்தக் கோஷ்டிகள் எப்படி உண்டாகின்றன என்ற கேள்விக்கு நமது திரைப்படங்கள் என்ன விடை சொல்லுகின்றன? அந்த விடை உண்மைதானா? பொழுதுபோக்குச் சமாசாரம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. பள்ளிக் கோஷ்டிச் சண்டை அரிவாள் வரைக்கும் போன நாட்டில் நாம் இருக்கிறோம்.

ஹாலிவுட் காட்டிய பள்ளிக்கூடம்

பள்ளிக் கோஷ்டிகளை வைத்தே படம் எடுத்துப் பேர் வாங்கியவர்கள் அமெரிக்கர்கள். 1985-இல் ஜான் ஹ்யூஸ் எடுத்த ‘பிரேக்பாஸ்ட் கிளப்’ இவ்வகையில் பிரசித்தமானது. விளையாட்டு வீரன், படிப்பாளி, பணக்கார வீட்டுப் பெண், முரடன், யாரோடும் ஒட்டாத ஒரு பெண் ஆகிய ஐந்து பேரைத் தண்டனையாக ஒரு சனிக்கிழமை முழுவதும் பள்ளி நூல் நிலையத்தில் உட்கார வைக்கிறார்கள். மாலைக்குள் ஐவரும் மனம் விட்டுப் பேசிச் சிநேகிதர்களாகி விடுகிறார்கள். ‘திங்கட்கிழமை பார்த்தால் பேசுவோமா?’ என்று படிப்பாளிப் பையன் கேட்கிறான். பேச மாட்டோம் என்று பணக்காரப் பெண் ஒளிக்காமல் சொல்லுகிறாள். படத்திலேயே மிக யோக்கியமான இடம் இதுதான். ஆனால் அந்தத் திங்கட்கிழமையைக் காட்டாமலே படம் முடிந்து விடுகிறது!

சமூக ஆராய்ச்சியாளர்கள் அந்தத் திங்கட்கிழமையை முன்பே பார்த்திருந்தார்கள். ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்ற பேராசிரியர் ஒரு சிற்றூரின் இளைஞர்களை ஆராய்ந்து 1949-இல் நூல் வெளியிட்டார். யார் யாரோடு சேருகிறார்கள் என்பது பெரும்பாலும் தகப்பனாரின் அந்தஸ்தைப் பொறுத்தே அமைகிறது என்று அவர் கண்டார். குணம் ஒத்துச் சேர்வது போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பது குடும்பக் கணக்கு. ஹாலிவுட் குணத்தைக் காட்டியது, கணக்கைக் காட்டவில்லை.

நம் படங்கள் எப்படி?

தமிழ்ப் படங்களில் பள்ளிக்கூடம் என்றாலே முதற் காதல்தான். 1981-இல் வந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ தொட்டு இதே வழக்கம். 2018-இல் பிரேம்குமார் எடுத்த ‘96’ படத்தைத் தஞ்சை ஜில்லாக்காரர்கள் தங்கள் சொந்தப் படமாகவே கொண்டாடினார்கள். ராமும் ஜானுவும் படிப்பது தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் அல்லவா! அந்தப் படத்தில் ஓர் உண்மை இருக்கிறது. தகப்பனார் பட்ட கடனால் ராமின் குடும்பம் ஊரை விட்டே போய் விடுகிறது. பிள்ளைகளின் சிநேகத்தைப் பெரியவர்களின் பணக்கஷ்டம் அறுத்து விடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வகுப்பில் யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது மட்டும் கடைசி வரை நமக்குத் தெரிவதில்லை.

2009-இல் பாண்டிராஜ் எடுத்த ‘பசங்க’ இன்னும் ஒரு படி மேல். புதுக்கோட்டைச் சீமையில் விராச்சிலைப் பள்ளிக்கூடம். ஒரு பையன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, புதிதாக வந்தவனை எதிர்க்கிறான். எதிரெதிர் வீட்டுக்காரர்களான பெற்றோரும் சண்டை பிடிக்கிறார்கள். வகுப்புச் சண்டைக்கு வீட்டிலும் வேர் இருக்கிறது என்று அழகாகச் சொன்ன படம். ஆனாலும் அது இரண்டு குடும்பங்களின் மனஸ்தாபத்தோடு நின்று விடுகிறது. அதற்கப்பால் இருக்கும் ஊர், தெரு, ஜாதி ஆகியவற்றுக்குள் நுழையவில்லை.

தெரு பள்ளிக்கு வருகிறது

காவிரி டெல்டாவின் கிராமத்தை அறிந்தவர்கள் தெருவை மறக்க முடியாது. ஆந்த்ரே பெத்தேய் என்ற அறிஞர் தஞ்சை ஜில்லாவின் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு 1965-இல் நூல் எழுதினார். அக்கிரகாரம், குடியானவர் தெருக்கள், சேரி என ஒரே ஊர் மூன்று உலகங்களாக இருந்ததை அதில் காணலாம். நிலம் யார் கையில், நாற்று நடுவது யார் என்பதும் அந்தத் தெருக்களை ஒட்டியே அமைந்திருந்தது. கூலி கேட்டுச் சங்கம் சேர்ந்த சேரி மக்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் எரிந்து மாண்டதும் இந்த நெல் வயல்களின் நடுவில்தான்.

அதன் பிறகு எத்தனையோ மாறியிருக்கிறது. அக்கிரகாரங்கள் பல காலியாகி விட்டன. ஊர்ப் பையனும் காலனிப் பையனும் ஒரே சீருடையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஆனால் மணி அடித்து வெளியே வந்ததும் எவன் எவனோடு சைக்கிளை மிதிக்கிறான் என்று பாருங்கள். தெருவின் படம் தெரியும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை நகரத்து இங்கிலீஷ் பள்ளிக்கூட வேன் காலையிலேயே வந்து அழைத்துப் போய் விடுகிறது. அங்கே கோஷ்டி பிரிப்பது வகுப்பில் அல்ல, அட்மிஷன் போடும்போதே நடந்து விடுகிறது.

கையில் கட்டிய கயிறு

தெற்கே இது வெளிப்படையாகவே இருக்கிறது. மாணவர்கள் ஜாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு கட்டிக்கொள்வதாகவும், விளையாட்டுக்கு ஆள் பொறுக்குவதும் இடைவேளையில் ஒன்று கூடுவதும் அந்த நிறத்தைப் பார்த்தே நடப்பதாகவும், 2019-இல் பள்ளிக் கல்வித் துறையே சுற்றறிக்கை அனுப்பியது. கோஷ்டி என்பதற்கு இதை விடத் தெளிவான இலக்கணம் வேண்டுமா?

2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் ஜாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவன் புகார் சொன்னதுதான் குற்றம். அந்தப் பையன் பிழைத்து, மறு வருஷம் தேர்விலும் தேறினான் என்பது நமக்கு ஆறுதல். பிறகு அரசு நியமித்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஜாதியைக் காட்டும் கயிறும் மோதிரமும் பொட்டும் கூடாது. மாணவர்களை எழுத்து வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். பள்ளிப் பெயர்களில் ஜாதி இருக்கக் கூடாது என்று அது சொல்லியது. பெஞ்சில் யார் பக்கத்தில் யார் என்பதை ஒரு நீதிபதி யோசிக்க வேண்டி வந்திருக்கிறது!

ஏன் மறைக்கிறார்கள்?

பட முதலாளியின் சங்கடம் நமக்குப் புரியாமலில்லை. எல்லாத் தெருக்காரர்களும் டிக்கெட் வாங்க வேண்டும். தெருவின் பெயரைச் சொன்னால் ஒரு தெருவுக்குக் கோபம் வரும். காதலுக்கோ தெரு கிடையாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் துணிந்து சொன்னவர்களும் தோற்கவில்லை. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக் கோஷ்டிகளை உள்ளபடி காட்டியது. மக்கள் பார்த்தார்கள், பாராட்டினார்கள். அது கல்லூரிக் கதை. டெல்டாவின் உயர்நிலைப் பள்ளிக்கு அப்படி ஒரு படம் இன்னும் வேண்டியிருக்கிறது.

ஆகவே, நம் பள்ளிப் படங்கள் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி நிறுத்துகின்றன. சிநேகம் உண்மை, கேலி உண்மை, பிரிவின் துக்கமும் உண்மை. அந்தக் கோஷ்டியை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தயாரித்தவர்கள் யார் என்பதைத்தான் விட்டு விடுகிறார்கள்.

அந்தப் பொறுப்பு நம்முடையது. 1924-25-இல் சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்பதற்காகத் தமிழ்நாடே கொந்தளித்தது. 2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி திருக்குவளைப் பள்ளியிலிருந்து காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிவானபோது, பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் அடுத்த மாதமே கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், சமைப்பவர் பட்டியல் ஜாதிப் பெண் என்று பெற்றோர் சிலர் தடை சொல்லி, கலெக்டர் நேரில் போய்க் கண்டிக்க நேர்ந்தது. தட்டை விலக்கச் சொன்னவர்கள் குழந்தைகள் அல்ல.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் ‘எத்தனை மார்க்கு?’ என்று தினமும் கேட்கிறோம். ‘இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்?’ என்றும் ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு அது சொல்லும் பெயரைக் கேட்டு நம் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பிள்ளை கவனித்துக்கொண்டுதான் இருக்கும்.