அனுமதியை எழுத்தில் கேளுங்கள்

சென்னை ஐஐடியில் 2014-ல் மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கினார்கள். மறு ஆண்டே மத்திய மனிதவள அமைச்சகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. அமைச்சகம் நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. மே மாதம் அங்கீகாரம் ரத்து. சலுகையைத் தவறாகப் பயன்படுத்தினார்களாம்! பல ஊர்களில் போராட்டம் வெடித்த பிறகு, 2015 ஜூன் 7-ல் அது திரும்பக் கிடைத்தது.

அது பெயர் பெற்ற நிறுவனம்; செய்தியானது. நம் மாவட்டக் கல்லூரியில் நடந்தால் யாருக்குத் தெரியும்?

சேரியிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இத்தகைய வட்டம் வெறும் பேச்சு மேடை அல்ல. உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது, பணம் வராவிட்டால் எங்கே கேட்பது, விடுதியில் சாதி சொல்லி ஏசினால் யாரிடம் போவது என்றெல்லாம் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. மூத்த மாணவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் கூடி உட்கார ஓர் அறை வேண்டும்.

ஆகவே மாணவர்களே, வாய்மொழி அனுமதியை நம்பாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரியானால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தெந்த மன்றத்துக்கு அனுமதி கொடுத்தீர்கள் என்று 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.