பாசிமணிக் காப்பும் நமது சங்கங்களும்

பருத்தி எடுப்பு ஓய்ந்து, மக்காச்சோளமும் களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்த பின்னர், பெரம்பலூர்ச் சிற்றூர்களில் பெண்மக்களுக்குக் கைவேலை குறைந்துவிடுகிறது. ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவாளர் இல்லங்களிலும் பாவு வரும்வரை தறி வாளா நிற்கும் நாட்கள் உண்டு. இந்த இடைக்காலத்திற்கு ஏற்ற உபதொழில் யாது எனச் சங்கக் கூட்டங்களில் அங்கத்தினர் நம்மை வினவுவது வழக்கம். அண்மைக் காலமாக வினாவோடு விடையையும் தாமே சொல்லிவிடுகின்றனர். பாசிமணி கோத்துக் கைக்காப்புச் செய்யலாமே என்கின்றனர். நமக்கு இதில் மறுப்பில்லை. ஆனால் சில செய்திகளைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

தொழில் எளிதுதான். மணிக்கட்டை நூலால் சுற்றி அளந்து, அதனோடு ஒரு விரற்கிடை கூட்டிக்கொள்ள வேண்டும். 17 சென்டிமீட்டர் அளவுள்ள காப்பிற்கு 6 மில்லிமீட்டர் மணியானால் 28, 8 மில்லிமீட்டர் மணியானால் 21 போதும். இழுபடும் ரப்பர் நூலை 30 சென்டிமீட்டருக்கு நறுக்கி, கோப்பதற்கு முன் நாலைந்து முறை நன்றாக இழுத்துவிட வேண்டும். இல்லையேல் அணிந்த பிறகு தளர்ந்து தொங்கும். துளையின் விளிம்பு கூராக இருக்கும் மணிகளைக் கழித்துவிடுதல் நலம். அவையே நூலை அறுப்பவை. முடிச்சை இருமுறை சுற்றி இறுக்கி, துளி பசையிட்டு உலரவிட்டு, மணியின் துளைக்குள் இழுத்து மறைத்துவிடலாம். தறியில் அறுந்த இழையைப் பிணைத்துப் பழகிய விரல்களுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும் நமது வட்டாரச் சங்கம் ஒன்றில் இம்முயற்சி பாழாயிற்று. கண்காட்சிக்கு வைத்த காப்புகள், வாங்குவோர் கையில் மாட்டிப் பார்க்கும்போதே அறுந்து சிதறின. மணி பொறுக்கக் குனிந்த பெண்களின் முகத்தை நாம் மறக்கவில்லை. குற்றம் அவர்களுடையதன்று. மலிவு என்று குறிப்பெழுதி அந்த நூலை வாங்கச் செய்தவர் நாமே.

இனிக் கணக்கிற்கு வருவோம். வணிகர் ஒருவர் மணியும் நூலும் வீட்டிற்கே தந்து, காப்பு ஒன்றுக்கு 2 ரூபாய் கூலி தருகிறார் என வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 6 காப்புகள் முடித்தால் 12 ரூபாய். ஐந்து மணி நேரம் கண் நோகக் கோத்தால் 60 ரூபாய். இதற்குக் களையெடுக்கப் போவதே மேல்! ஆதாயம் கோப்பதில் இல்லை. மொத்தமாக வாங்குவதிலும் நேராக விற்பதிலுமே இருக்கிறது. தனியொரு குடும்பத்தால் ஆகாத அவ்விரண்டையும் செய்வதற்கே சங்கம் ஏற்பட்டது. சங்கமும் வணிகரிடம் கூலிக்கு வேலை வாங்கித் தரும் தரகராக நின்றுவிடுமானால், பெயர்ப்பலகை மட்டுமே வேறு.

மணித்தொழில் நம் நாட்டிற்குப் புதியதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, நறுக்கி மணியாக்கினர். அதே முறை ஆந்திரத்துப் பாப்பநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் நடைபெற்றதை ஆராய்ச்சியாளர் எழுதிவைத்துள்ளனர். அவ்வளவு தொலைவும் போக வேண்டாம். நம் மாவட்டத்து எறையூரிலும் மலையப்ப நகரிலும் வாழும் நரிக்குறவர் குடும்பங்கள் இருக்கின்றனவே! சிறு குறடு ஒன்றைக் கையில் பிடித்து, கம்பியை வளைத்து மணிக்கு மணி கொக்கியிட்டுப் பிணைக்கும் அவர்களது கைத்திறத்தைப் பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் யாவரும் கண்டிருப்போம். கண்டும் பேரம் பேசியதோடு சரி. ரப்பர் நூல் அறும். அவர்கள் முறுக்கிய கம்பி எளிதில் அறுவதில்லை.

இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. நீண்ட காலக் கோரிக்கை அது. பட்டியலில் இடம் கிடைத்தவர்களுக்குச் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டில் இடம் உண்டா என்பதே நம் வினா. நமது பெண்கள் காப்புச் செய்யத் தொடங்கினால், அதே திருவிழாவில், அதே சரக்கை, பாயில் பரப்பியிருக்கும் இவர்களுக்கு எதிராகவே சங்கம் கடை விரித்ததாகும். சங்கத்திற்கு மேசையும் விளக்கும் உண்டு. அவர்களுக்குப் பாய் மட்டும். இதனை நாம் கூட்டுறவு என்று ஒப்ப மாட்டோம்.

இரு நாள் பயிற்சிக்கு அவர்களை வரவழைத்துப் படிக்காசு கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஓர் அன்பர் யோசனை கூறினார். பங்குத்தொகை செலுத்தி, வாக்குரிமை பெற்று, நிர்வாகக் குழுவிலும் அமரட்டும் என்பது நமது கருத்து. நெசவாளர் சங்கத்தின் துணைவிதி இடந்தராது என்பர், மெய்தான். அப்படியாயின் இரு தரப்புப் பெண்களும் சேர்ந்து தனியே ஒரு தொழிற் கூட்டுறவுச் சங்கம் காணத் தடையென்ன? மணியும் கம்பியும் ஒன்றாக வாங்கலாம். தறிச் சங்கத்தின் விற்பனைக் கூடத்திலேயே ஒரு மூலை பெறலாம். துணைவிதியின் முன்வடிவை எழுதித்தர நாம் ஆயத்தமாக இருக்கிறோம். இதுவரை எந்தச் சங்கமும் கேட்கவில்லை.